மணி ஒலிக்க வேண்டிய கணம்

மேடையில் ஒலிக்கும் தொலைபேசி மணியை நம் நாடகக்காரர்களில் பலர் இன்னும் வெறும் 'எஃபெக்ட்' என்றே கருதிவருகிறார்கள். நம் பார்வையில் அது ஒரு பாத்திரத்தின் நுழைவு. பிரெஞ்சுக் கவிஞர் ழான் காக்தோவின் 'மனிதக் குரல்' 1930இல் பாரிஸில் மேடையேறியது. ஒரு பெண்ணும் ஒரு தொலைபேசியும்தான் அந்நாடகம். அங்கே மணி ஒலிக்காவிட்டால் நாடகமே இல்லை.

நம் கல்லூரி அரங்குகளிலும் சபா மேடைகளிலும் நாம் திரும்பத் திரும்பக் காண்பது என்ன? மணி ஒலிக்க வேண்டிய இடத்தில் நீண்ட மௌனம். அல்லது செல்பேசியை எடுத்துக் காதில் வைத்த பின்னும் ஓயாத மணி. அதுவரை நடிகர் கட்டியெழுப்பிய துயரத்தை அவையில் எழும் சிரிப்பு ஒரு நொடியில் கலைத்துவிடுகிறது. பழியும் அவர் மீதே விழுகிறது.

ஒத்திகையில் பிசகாதது காட்சியன்று ஏன் பிசகுகிறது? ப்ளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வைஃபை இணைப்புகள் பலவும் அதே வரிசையில்தான். ஒத்திகையின்போது கூடம் காலியாக இருக்கிறது. காட்சியன்று முந்நூறு பேர் முந்நூறு செல்பேசிகளோடு வந்து அமர்கிறார்கள். மணியோசையை அடக்கிவைத்தாலும் அக்கருவிகள் அலைவரிசையில் பேசுவதை நிறுத்துவதில்லை. மனித உடலில் உள்ள நீரும் இவ்வலைகளை உறிஞ்சிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, ப்ளூடூத் ஒலிபெருக்கிகள் பல, சிறிது நேரம் ஒலியின்றி இருந்தால் தாமாகவே அணைந்துவிடும். இரண்டாம் அங்கத்தில் வரவிருக்கும் மணிக்காக அவை காத்திருப்பதில்லை.

தீர்வு எளிது. இடம்பெயராத தொலைபேசி என்றால், மேசைக்கடியில் சிறிய ஒலிபெருக்கியை மறைத்துக் கம்பி இழுத்துவிடுவதே மேல். கருவி இருக்கும் திசையிலிருந்தே ஓசையும் வரும். நடிகரோடு நடமாடும் செல்பேசி என்றால், அதன் சிம்மை அகற்றிவிட்டு, நாடகத்துக்கு மட்டுமேயான தனி ரௌட்டரை 5 கிகாஹெர்ட்ஸில் இயக்க வேண்டும். அதுவும் பொய்த்துப்போனால் கைகொடுக்கக் கம்பியிணைப்புள்ள மற்றொரு ஒலிபெருக்கி தயாராக இருக்க வேண்டும். அனைத்துக்கும் மேலாக, பொத்தானை அழுத்துபவர் நடிகரின் கை தெரியும் இடத்தில் அமர வேண்டும். முதல் ஒத்திகையிலிருந்தே அமர வேண்டும். நடிகரின் மூச்சை அறிந்தவருக்கே மணியை எப்போது நிறுத்துவது என்பது தெரியும்.

இவையெல்லாம் தொழில்நுட்பர் வேலை, இலக்கியம் படிப்போர்க்கு இதில் என்ன என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அரங்கேற்று காதையில் இளங்கோ அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என்று அளந்து சொல்கிறார். தூணின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு வைத்ததையும் சொல்கிறார். மாதவியின் ஆடலைப் பாடவந்த கவிஞருக்கு ஒரு நிழல் விழும் இடம் அற்பமாகத் தோன்றவில்லை. ஒரு மணி ஒலிக்கும் கணம் மட்டும் நமக்கு அற்பமாகத் தோன்றுவானேன்?