கவுன்சலிங் என்றால் அட்வைஸ் இல்லை சார்!

பி.காம் படிக்கிறவனுக்கு கவுன்சலிங் பற்றி எழுத என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் எழுதப் போவது ஆடிட் பற்றி, அது எங்கள் ஏரியா :-) கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

2024 ஜூனில் நம் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடையை மூடு, மூடாதே என்று எல்லோரும் பேசினோம். குடிக்கிற மனிதரிடம் யார், எப்படிப் பேசுவது என்று பெரிதாக யாரும் பேசவில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அட்வைஸ்.

நெய்வேலியில் சுரங்கம் 24 மணி நேரமும் ஓடுகிறது. நைட் ஷிப்ட் தொழிலாளி ஒருவர் கவுன்சலரிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம் (கற்பனைதான், யாரையும் குறிப்பிடவில்லை). "ஷிப்ட் முடிஞ்சு வந்தா தூக்கம் வரல சார், அதான் ஒரு குவாட்டர்" என்கிறார். நம் ஆள் உடனே, "குடும்பத்தை நினைச்சுப் பாருங்க, லிவர் என்னாகும்?" என்று ஆரம்பிப்பார். அவரும் உடனே, "நான் அளவாத்தான் சார் குடிக்கிறேன்" என்பார். முடிந்தது கதை. குடிக்காக வாதாடும் வக்கீலாக அவரை நாமே மாற்றிவிட்டோம்.

இதையே, "தூக்கத்துக்குன்னு ஆரம்பிச்சது, இப்ப அது இல்லாம தூக்கமே வராதுன்னு ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு சும்மா இருந்தால்? "ஆமா சார், அதுவும் நல்ல தூக்கம் இல்ல, ரெண்டு மணி நேரத்துல முழிப்பு வந்துடுது" என்று அவரே சொல்லக்கூடும். மாற வேண்டிய காரணம் அவர் வாயிலிருந்தே வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே பேச வேண்டும். இந்த முறைக்கு மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று பெயர். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-ல் முதலில் எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்நிக்கோடு சேர்ந்து 1991-ல் புத்தகமாகவே போட்டார். கவுன்சலர் எவ்வளவுக்கு முட்டி மோதிப் பேசினாரோ அவ்வளவுக்கு அந்த ஆள் ஒரு வருடம் கழித்து அதிகமாகக் குடித்தார் என்று மில்லர் குழுவின் 1993 ஆய்வு ஒன்று சொல்கிறது. (தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் உடம்புக்கே ஆபத்து. டாக்டர் கட்டாயம் வேண்டும், பேச்சு மட்டும் போதாது.)

சரி, இதைக் கற்றுக்கொள்வது எப்படி? நம் ஊர் வழக்கப்படி இரண்டு நாள் ஒர்க்‌ஷாப், மதியம் சாப்பாடு, மாலையில் சர்டிபிகேட், குரூப் போட்டோ. இதனால் பெரிய பயன் இல்லை என்று மில்லரே 2001-ல் தன் சொந்த ஒர்க்‌ஷாப்பைச் சோதித்து எழுதிவிட்டார். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது. அடுத்து 2004-ல் 140 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பேசியதைப் பதிவு செய்து, கேட்டு, திருத்தம் சொன்னால் திறமை கூடுவது தெரிந்தது. இன்னொரு விஷயமும் வெளிவந்தது: கவுன்சலர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட மார்க்குக்கும், பதிவில் கேட்ட திறமைக்கும் சம்பந்தமே இல்லை! கணக்கு எழுதியவனே ஆடிட்டராகவும் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று முதல் வருடத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தந்துவிட்டார்கள்.

பணக்கார நாட்டுக்குத்தான் இதெல்லாம் சரிப்படும் என்று சொல்லிவிட முடியாது. கோவாவில் சங்காத் என்ற அமைப்பு, மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தது. அவர்கள் தங்கள் பேச்சைப் பதிவு செய்து, குழுவாகக் கேட்டு, ஒருவருக்கொருவர் மார்க் போட்டுக்கொண்டார்கள். 2017-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மூன்று மாதத்தில் பிரச்சினைக் குடியிலிருந்து மீண்டவர்கள் இந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 36%, கிடைக்காதவர்களில் 26%. மந்திரம் இல்லை, ஆனால் நூற்றுக்குப் பத்து குடும்பம் என்று போட்டுப் பாருங்கள்.

நம்மிடமும் ஆள் இல்லாமல் இல்லை. சாந்தி ரங்கநாதன் சென்னையில் டி.டி.ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் பவுண்டேஷனைத் தொடங்கியது 1980-ல், டாஸ்மாக் பிறப்பதற்கும் மூன்று வருடம் முன்பு. டாஸ்மாக் 2003-ல் சில்லறை விற்பனைக்கும் வந்து ஊரெல்லாம் கடை விரித்தது. கவுன்சலர்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை.

என் கருத்து, பயிற்சி தமிழிலேயே நடக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'ஒய்' என்பது வெறும் கேள்வியாக இருக்கலாம். தமிழில் "ஏன் குடிக்கிறீங்க?" என்றாலே பாதி திட்டு. 24 வயதுப் பெண் கவுன்சலர் 50 வயது ஆபரேட்டரை சார் என்பதா, அண்ணே என்பதா, ஐயா என்பதா என்பதை எந்த வெள்ளைக்காரர் புத்தகமும் சொல்லாது. அதை இங்கேதான் பேசிப் பேசிப் பழக வேண்டும்.

ஒரே சிக்கல் ரகசியம். இந்த டவுன்ஷிப்பில் பதிவைக் கேட்பவர் பேசியவரின் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரராகவே இருக்கலாம், அவர் மகன் என் கிளாஸ்மேட்டாகவும் இருக்கலாம். அதனால் முதலில் அனுமதி கேட்க வேண்டும், பதிவில் பெயர் இருக்கக் கூடாது, மார்க் போட்டதும் அழித்துவிட வேண்டும். கேட்கிற ஆள் கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்தால் இன்னும் நல்லது.