மலை ஏறிய டாங்கிகள்! பாதை போட்ட தம்பிகள்!

மீஞ்சூரைத் தாண்டி வடக்கே போனால் பழவேற்காடு. அங்குள்ள மீனவர்களிடம் "முகத்துவாரம்" என்று சொன்னால் போதும். மற்றதை அவர்களே சொல்லிவிடுவார்கள். ஏரியும் கடலும் சேருகிற வாய் அது. அலை கொண்டு வந்து கொட்டும் மணலால் அந்த வாய் அடிக்கடி அடைபட்டுப் போகும். அடைபட்டால் படகு கடலுக்குப் போக முடியாது. கடலில் இருந்து மீனும் இறாலும் ஏரிக்குள் வர முடியாது. வீட்டில் அடுப்பு எரிவதே அந்த ஒரு வாயைப் பொறுத்தது.

இமயமலையிலும் அப்படி ஒரு வாய் இருக்கிறது. அதன் பெயர் சோஜி லா. "லா" என்றால் கணவாய். காஷ்மீர் பள்ளத்தாக்கில் இருந்து லடாக் நாட்டுக்குப் போகும் வழி அது. உயரம் சுமார் 11,500 அடி. நம் ஊட்டியின் தொட்டபெட்டா சிகரமே 8,650 அடிதான்! பழவேற்காட்டு வாயை மணல் அடைக்கிறது. சோஜி லாவைப் பனி அடைக்கிறது.

1948-ம் ஆண்டில் பனி விழுவதற்கு முன்பே எதிரி வந்து அதை அடைத்துவிட்டான்.

லே நகரம் தனிமையில்

1947 அக்டோபரில் காஷ்மீர் மீது படையெடுப்பு தொடங்கியது. மறு ஆண்டு கோடையில் திராஸ், கார்கில் ஆகிய ஊர்கள் எதிரியின் கைக்குப் போயின. பிறகு சோஜி லா கணவாயும் போயிற்று. லடாக்கின் தலைநகரான லே தனித்து நின்றது. அதைக் காத்து நின்றது ஒரு சிறு படை. குளிர்காலம் வந்து கணவாய் மூடிக்கொண்டால், வசந்தம் வரை தரை வழியே யாரும் உதவிக்குப் போக முடியாது.

அந்தப் பகுதி முழுவதற்கும் பொறுப்பாக இருந்தவர் மேஜர் ஜெனரல் திம்மய்யா. வயது 42. ஒரு காலாட்படை டிவிஷனின் தளபதி. பின்னாளில் 19-வது டிவிஷன் என்று பெயர் பெற்றது அது.

டிவிஷன் என்றால் என்ன? பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் பேர் கொண்ட பெரும் படை. துப்பாக்கி பிடிப்பவர்கள் மட்டும் அல்ல. பீரங்கிக்காரர்கள், பாலம் கட்டுபவர்கள், தந்தி கொடுப்பவர்கள், டாக்டர்கள், லாரி டிரைவர்கள், சமையல்காரர்கள் எல்லாரும் அதில் உண்டு. ஒரு நகரமே எழுந்து நடப்பது போல இருக்கும். இத்தனை பேருக்கும் வேளா வேளைக்குச் சோறு போக வேண்டும். காலுக்குப் பூட்ஸ் வேண்டும். துப்பாக்கிக்குத் தோட்டா வேண்டும். காயம் பட்டவனைத் தூக்கி வர ஆள் வேண்டும்.

ஒரு பட்டாளத்தின் கர்னல், தன் சிப்பாய்களை முகம் பார்த்து அறிவார். டில்லியில் இருக்கும் பெரிய ஜெனரல், வரைபடத்தைப் பார்த்து அறிவார். டிவிஷன் தளபதி இரண்டுக்கும் நடுவில் நிற்பவர். அவருக்கு முகமும் தெரிய வேண்டும். வரைபடமும் தெரிய வேண்டும். ராணுவத்தில் கடினமான வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

குடகு நாட்டுப் பிள்ளை

திம்மய்யா குடகு நாட்டுக்காரர். 1906 மார்ச் 31-ந் தேதி மடிக்கேரியில் பிறந்தார். சிறு வயதில் படித்தது நம் நீலகிரியில் உள்ள குன்னூரில். பிறகு பெங்களூர், டேராடூன். அங்கிருந்து இங்கிலாந்து சென்று சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் படித்து, 1926-ல் அதிகாரி ஆனார். அந்தக் கல்லூரியில் அப்போது இந்திய மாணவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இரண்டாவது உலக யுத்தத்தில் பர்மாவின் அரக்கான் பகுதியில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டார். 1945-ல் ஒரு பிரிகேடுக்கே தலைவர் ஆனார். அந்த யுத்தத்தில் போர்க்களத்தில் ஒரு பிரிகேடை நடத்திய இந்தியர் அவர் ஒருவரே.

இங்கே ஒரு விசித்திரம். திம்மய்யாவின் அண்ணன் பொன்னப்பாவும் ராணுவ அதிகாரிதான். சிங்கப்பூர் வீழ்ந்தபோது அவர் ஜப்பானியரிடம் சிறைப்பட்டார். பிறகு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். மலேயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த அதே படைதான். அண்ணன் ஒரு பக்கம், தம்பி எதிர்ப் பக்கம்! இரண்டு பேரும் நாட்டுக்காகவே நிற்பதாக நம்பினார்கள்.

ஆக்சிஜன் இல்லாத விமானம்

லே நகரில் படை இறங்க வேண்டுமானால் விமானம் வேண்டும். விமானம் இறங்கத் தளம் வேண்டும். சோனம் நோர்பு என்ற லடாக் இன்ஜினீயர், ஊர் மக்களைக் கொண்டு ஒரு மண் ஓடுதளம் போட்டார். 1948 மே 24-ந் தேதி மெஹர் சிங் என்ற விமானப்படை அதிகாரி, டகோட்டா விமானத்தை அங்கே கொண்டு போய் இறக்கினார். மூச்சு விட ஆக்சிஜன் வசதி இல்லை. வழி காட்டச் சரியான வரைபடம் இல்லை. அவ்வளவு உயரமான மலைகளுக்கு மேலே பறக்கச் செய்த விமானமும் அல்ல அது.

அந்த முதல் விமானத்தில் பயணியாகப் போனவர் திம்மய்யா. சிப்பாய்களை அனுப்புவதற்கு முன்பு தான் போய் வந்தார். சில நாட்களில் கூர்க்கா வீரர்கள் அங்கே போய் இறங்கினார்கள்.

ஆனால் விமானத்தில் எத்தனை மூட்டை அரிசி கொண்டு போக முடியும்? கணவாய் திறந்தே ஆக வேண்டும்.

செப்டம்பரில் காலாட்படை ஏறித் தாக்கியது. இரு பக்கமும் செங்குத்துப் பாறை. குகைகளில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகள். மேலே இருப்பவன் சுடுகிறான். கீழே இருந்து ஏறுபவன் விழுகிறான். தாக்குதல் தோற்றது.

அப்போதுதான் டாங்கிகளைக் கொண்டு போவது என்று திம்மய்யா முடிவு செய்தார். 11,500 அடி உயரத்தில் டாங்கியா? கேட்டவர்கள் நம்பவில்லை. எதிரியும் நம்ப மாட்டான். அதுதானே வேண்டும்!

தம்பிகள் வந்தார்கள்

டாங்கி பதினான்கு, பதினைந்து டன் எடை. மலை அடிவாரமான பால்தாலில் இருந்து கணவாய்க்கு இருந்ததோ கோவேறு கழுதை போகிற ஒற்றையடித் தடம். ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் பாதாளம்.

அந்தத் தடத்தைப் பாதை ஆக்க அழைக்கப்பட்டவர்கள் மதராஸ் சாப்பர்கள். 1780-ல் சென்னையில் தொடங்கிய படை. பாதை போடுவதும், பாலம் கட்டுவதும், கண்ணி வெடியைத் தோண்டி எடுப்பதும் அவர்கள் வேலை. ராணுவம் முழுவதும் அவர்களை அழைப்பது "தம்பி" என்ற தமிழ்ச் சொல்லால்தான். தமிழர், தெலுங்கர், மலையாளி, கன்னடியர் எல்லாருமே அங்கே தம்பிகள்.

இரண்டு கம்பெனித் தம்பிகள் வேலையில் இறங்கினார்கள். தெற்கத்திய வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குளிர் எப்படி இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். கடப்பாரையைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும் குளிர். பாறைக்கு வெடி வைத்தார்கள். இடுக்குகளைக் கல்லால் நிரப்பினார்கள். மேலே எதிரி இருக்கிறான் என்று தெரிந்தே வெட்டினார்கள். சில வாரங்களில் கழுதைத் தடம் ஜீப் பாதை ஆயிற்று.

கீழே டாங்கிகள் ரகசியமாக வந்துகொண்டிருந்தன. மேல் கூண்டைக் கழற்றி, துணி போட்டு மூடி ஊர்களைக் கடந்தார்கள். பலவீனமான பாலங்களில் கயிறு கட்டி இழுத்துக் கடத்தினார்கள்.

நவம்பர் 1-ந் தேதி. பனி விழுந்து கிடந்தது. டாங்கிகள் உறுமிக்கொண்டு கணவாயில் நுழைந்தன. திம்மய்யாவும் முன்னே போன டாங்கி ஒன்றில் ஏறிக்கொண்டார். டிவிஷன் தளபதி அங்கே இருக்க வேண்டிய அவசியம் இல்லை. குண்டு பட்டிருந்தால் படையே தலை இல்லாமல் போயிருக்கும். அது தவறு என்று சொல்லும் போர் நூல்கள் உண்டு. ஆனால் கழுதை ஏறிய பாதையில் டாங்கியில் ஏறு என்று சிப்பாய்க்கு உத்தரவு போட்டவர், தானும் ஏறினார். சிப்பாய்கள் அதைத்தான் பார்த்தார்கள்.

குகைகளுக்குள் டாங்கிக் குண்டுகள் விழுந்தன. எதிரிகள் திகைத்தார்கள், ஓடினார்கள். அன்றே கணவாய் கைக்கு வந்தது. நவம்பர் நடுவில் திராஸ் மீட்கப்பட்டது. 23-ந் தேதி கார்கில் மீட்கப்பட்டது. மறுநாள் லேயில் இருந்து வந்த படையும் இவர்களும் கை கோத்தார்கள். 1949 ஜனவரி 1-ந் தேதி போர் நின்றபோது லடாக் இந்தியாவோடு இருந்தது.

மாஸ்கோவில் ஒருவர்

டிவிஷன் தளபதிகளைப் பற்றிப் பேசும்போது சோவியத் நாட்டின் பான்பிலோவை விட்டுவிட முடியாது. 1941-ல் ஜெர்மன் டாங்கிகள் மாஸ்கோவை நெருங்கின. கசாக்கியரும் கிர்கீசியரும் ரஷ்யரும் சேர்ந்த 316-வது டிவிஷன் வழியில் நின்றது. அதன் தளபதி பான்பிலோவ். சுமார் 40 கிலோமீட்டர் நீளத்தை அந்த ஒரு டிவிஷன் காக்க வேண்டி இருந்தது. ஆள் போதாது. அதனால் அவர் ரோடுகளைப் பிடித்துக்கொண்டார். கண்ணி வெடி புதைத்தார். டாங்கி வரும் வழிகளில் பீரங்கிகளை நிறுத்தினார். நவம்பர் 18-ந் தேதி, போர்முனையில் குண்டுச் சிதறல் பட்டு இறந்தார்.

அவருடைய டிவிஷனில் 28 பேர் மட்டும் நின்று டாங்கிகளைத் தடுத்து மடிந்ததாக ஒரு கதை உலகம் எங்கும் பரவியது. அது பத்திரிகையில் புனையப்பட்டது என்று 1948-லேயே சோவியத் ராணுவ வழக்கறிஞர்கள் விசாரித்து எழுதி வைத்தார்கள். பத்திரிகைக்கு 28 வீரர்கள் பிடிக்கும். பான்பிலோவ் நம்பியதோ மண்வெட்டியையும் வெடிமருந்தையும்!

அவர் பாதையை மறித்து ஒரு நகரைக் காத்தார். திம்மய்யா பாதையைப் போட்டு ஒரு நாட்டைக் காத்தார்.

ராஜினாமாக் கடிதம்

பிறகு திம்மய்யாவின் புகழ் ஏறியது. 1953-ல் கொரியா சென்றார். ஊர் திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட யுத்தக் கைதிகளின் விவகாரத்தைக் கவனித்த நடுநிலை நாடுகளின் குழுவுக்குத் தலைவராக இருந்தார். 1957 மே மாதம் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆனார்.

அங்கேதான் சிக்கல். ராணுவ மந்திரி கிருஷ்ண மேனனுக்கும் அவருக்கும் ஒத்துப் போகவில்லை. பதவி உயர்வுகளில் தகராறு. வடக்கு எல்லையில் ஆயத்தம் போதவில்லை என்ற கவலை வேறு. 1959 ஆகஸ்டு 31-ந் தேதி ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பிரதமர் நேரு அழைத்துப் பேசினார். கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். உடனே பார்லிமெண்டில் நேரு, ராணுவத்துக்கு மேலே மக்கள் ஆட்சியே என்று அழுத்திச் சொன்னார். நேரு சொன்னது சரி. ஆனால் கடிதத்துக்குள் இருந்த கவலை என்ன ஆயிற்று? அதை யாரும் அப்போது பிரித்துப் பார்க்கவில்லை. திம்மய்யாவும் அதை கொடுக்காமல் இருந்திருக்கலாம். கொடுத்த பிறகு திரும்ப வாங்காமல் இருந்திருக்கலாம். வாங்கிய நாள் முதல் அவர் சொல்லுக்குப் பழைய பலம் இல்லை.

1961 மே மாதம் ஓய்வு பெற்றார். 1962 அக்டோபர் 20-ந் தேதி நம்கா சூ ஆற்றங்கரையில் சீனப் படை பாய்ந்தது. அங்கே சிதறிப் போனது நமது 4-வது டிவிஷன். அது 1947-ல் திம்மய்யாவின் கையில் இருந்த அதே டிவிஷன்! சிப்பாய்களில் பலருக்குப் பருத்தி உடுப்பு. கான்வாஸ் பூட்ஸ். ஆளுக்கு 50 தோட்டா. பின்னால் இருந்து சோறும் குண்டும் வர லாரிப் பாதை கிடையாது.

திம்மய்யா இருந்திருந்தால் வென்றிருப்பார் என்று சொல்லுவோர் உண்டு. அது வெறும் பேச்சு. 1948-ல் எதிரியின் பலம் வேறு, 1962-ல் வேறு. ஆனால் சோஜி லாவில் பாதை முதலில் வந்தது, தாக்குதல் பிறகு வந்தது. நம்கா சூவில் உத்தரவு முதலில் வந்தது. பாதை வரவே இல்லை.

சோஜி லாவில் இப்போது பஸ்ஸும் லாரியும் போகும் நெடுஞ்சாலை இருக்கிறது. குளிர்காலத்திலும் மூடாதபடி மலையைக் குடைந்து சுரங்கப் பாதை அமைக்க 2020 அக்டோபரில் முதல் வெடி வைக்கப்பட்டது.

ஓய்வு பெற்ற திம்மய்யாவை ஐக்கிய நாடுகள் சபை 1964-ல் சைப்ரஸ் தீவுக்கு அழைத்தது. கிரேக்கரும் துருக்கியரும் சண்டையிட்ட அந்தத் தீவில் அமைதிப் படைக்குத் தளபதி ஆனார். 1965 டிசம்பர் 18-ந் தேதி, வேலையில் இருக்கும்போதே மாரடைப்பால் இறந்தார். வயது 59. மறு ஆண்டு சைப்ரஸ் அரசு அவருடைய படம் போட்ட தபால் தலையை வெளியிட்டது. அவர் உடல் பெங்களூருக்குக் கொண்டு வரப்பட்டது. மதராஸ் சாப்பர்களின் தலைமை இடமும் அதே பெங்களூரில்தான் இருக்கிறது.