பெயர் எழுதாத கூலிகள்

சயாம் என்று நம் பெரியவர்கள் சொல்லும் தாய்லாந்தில் காஞ்சனபுரி என்றொரு ஊர். அங்கே ஆற்றங்கரையில் புத்த மடத்தார் 1977-ல் ஏற்படுத்திய யுத்த மியூசியம் ஒன்று இருக்கிறது. மலேசிய ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வம்சத்து நண்பர்கள் நம்மை அங்கே அழைத்துப் போனார்கள். யுத்தக் கைதிகளை அடைத்து வைத்த மாதிரியே மூங்கிலில் கட்டிய நீண்ட கொட்டகைதான் மியூசியம்.

அதன் பெயர் 'ஜீத்'. ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய நாடுகளின் ஆங்கில முதலெழுத்துக்களைக் கோத்து வைத்த பெயர். அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே பெயரில் சேர்ந்துவிட்டார்கள். நமக்கு அதில் எழுத்தில்லை.

விஷயம் என்ன? 1942-ல் மலாயாவையும் பர்மாவையும் பிடித்த ஜப்பான் ராணுவம், பர்மாவிலிருந்த தன் படைக்குத் தளவாடம் அனுப்ப, சயாமிலிருந்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. 1943 அக்டோபரில் முடித்தது. வெள்ளைக்காரக் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள்; 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியக் கூலிகளோ சுமார் 2 லட்சம் பேர். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரரோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர். செத்த கூலிகள் 90,000 என்பது ஒரு மதிப்பு. மதிப்புத்தான், கணக்கு இல்லை.

ஊர் நடுவே கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 கற்கள், புல் வெட்டி, பூச்செடி வைத்து, கல்லுக்குக் கல் பெயர். கூலிகளைக் குழியில் கூட்டாகத் தள்ளினார்கள்.

வெள்ளைத் தோல் மட்டும் காரணமல்ல. கைதிகளுக்குள் அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள். செத்தவன் பெயரை ஒளித்து ஒளித்துக் குறித்து வைத்தார்கள். நம் ஆட்களுக்குக் காலராவில் மருந்து கொடுக்க ஆளில்லை, பெயர் எழுதவும் ஆளில்லை. சங்கம் வைக்கத் தெரியாதவர்களா அவர்கள்? 1941-ல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்தான். பிரிட்டிஷ் சர்க்கார் பட்டாளத்தை விட்டுச் சுட்டது, தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தியது. துரைமார் சங்கத்தை நொறுக்கிவிட்டு ஓடினார்கள். ஜப்பான்காரன் வந்து ஆளை அள்ளிக்கொண்டு போனான்.

இதே காஞ்சனபுரியில் சித்திரவதைப்பட்ட எரிக் லோமாக்ஸ் என்ற ஆங்கிலப்படை அதிகாரியும், அப்போது மொழிபெயர்ப்பாளராக நின்ற நாகாசே தகாஷி என்ற ஜப்பானியரும் 1993-ல் அந்த ஆற்றுப் பாலத்தருகே சந்தித்தார்கள்; பிறகு நண்பர்களானார்கள். இதை நாம் இகழவில்லை. சாதாரண மனிதர்கள் பகையை விடுவது நல்லதே. ஆனால் இருவரும் கைகொடுத்த இடத்துக்கு அடியில் கிடப்பவனை யார் கேட்டார்கள்?

விசித்திரம் ஒன்று. ஜப்பான் ராணுவமே 1944-ல் இறந்தவர்களுக்கென்று அங்கே ஒரு சின்னம் எழுப்பியது. அதில் தமிழும் இருக்கிறது! கொன்றவனுக்குக்கூடத் தெரிந்திருந்தது, செத்தவன் யாரென்று. தமிழர்கள் முயன்று தங்கள் ஆட்களுக்கு ஒரு நடுகல் வைக்க 2023 ஆக வேண்டியிருந்தது.

திரும்பியதும் ஆரப்பாளையத்தில் ஒரு மூதாட்டியிடம் போனோம். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது தகப்பனார் கங்காணியோடு மலாயா போனார். 1941-க்குப் பிறகு கடிதமில்லை. தாயார் தாலியைக் கழற்றவுமில்லை, திவசம் கொடுக்கவுமில்லை. மதுரை, இராமநாதபுரம் சீமையில் இப்படி எத்தனை வீடு! கடிதம் நின்றுபோன வீடுகளில் கேட்டு, பெயரும் ஊரும் எழுதிச் சங்க அலுவலகங்களில் கொடுங்கள். அந்தப் பட்டியலை அச்சிட்டு நடுகல்லில் சேர்ப்பது தமிழக சர்க்காரின் பொறுப்பு என்று கேட்போம்.

நாம் எடுத்து வந்த படங்களை மூதாட்டி கண்ணருகே வைத்துப் பார்த்தார். கல்லறைக் கற்களின் படத்தில் விரலை வைத்து, "இதுல எங்க ஐயா பேரு எது தம்பி?" என்றார்.