33023 எந்த நிறம்?

ஆரஞ்சு கேட்டவருக்கு நீலம் வருகிறது. அரட்டை மென்பொருளுக்கு ஸ்கிரிப்ட் எழுதுபவர்களில் பலர் இந்த இடத்தில் ஒருமுறையாவது தடுக்கி விழுந்திருப்பார்கள். எஃப்எஃப்8000 என்ற ஹெக்ஸ் குறி ஆரஞ்சு என்பது எல்லாருக்கும் தெரியும். அதை எம்ஐஆர்சி என்ற அரட்டை மென்பொருளின் பேஸ் செயற்கூறில் கொடுத்துப் பதின்ம எண்ணாக்கினால் 16744448 கிடைக்கிறது. அந்த எண்ணை அப்படியே வைத்துப் பட விண்டோவில் ஒரு கோடு வரைந்தால் திரையில் தெரிவதோ பளிச்சென்ற நீலக்கோடு. கணக்கு சரிதான், எண்ணைப் படிக்கும் திசைதான் மாறிவிட்டது.

காலித் மர்தம்-பே 1995-இல் வெளியிட்ட எம்ஐஆர்சி, விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. நிறத்தை ஒற்றை எண்ணாக வைத்துக்கொள்ளும் விண்டோஸ் வழக்கத்தில் சிவப்பு கடைசி பைட்டில் உட்கார்ந்திருக்கிறது. பச்சையை 256-ஆல் பெருக்க வேண்டும். நீலத்தை 65536-ஆல் பெருக்க வேண்டும். எச்டிஎம்எல் குறியிலோ சிவப்பு முதலில் நிற்கிறது. ஆகவே 255, 128, 0 என்ற ஆரஞ்சுக்கு விண்டோஸ் கணக்கில் வரவேண்டிய எண் 255-உடன் 128 பெருக்கல் 256 சேர்ந்த 33023. அந்த 16744448-ஐ இதே கணக்கில் பிரித்தால் சிவப்பு 0, பச்சை 128, நீலம் 255.

இந்தப் பிழை நெடுநாள் ஒளிந்திருக்கும் என்பதுதான் கவலைக்குரியது. சிவப்பும் நீலமும் சம அளவில் உள்ள எந்த நிறத்திலும் அது வெளியே தெரியாது. வெள்ளை, கறுப்பு, சாம்பல், தூய பச்சை, மெஜந்தா எல்லாமே இரு திசையிலும் ஒன்றுதான். ஸ்கிரிப்ட்டைச் சோதிப்பவர்கள் வழக்கமாகக் கையில் எடுப்பதும் இவற்றைத்தான். அதனால் சோதனைக்கு ஆரஞ்சையே பயன்படுத்துங்கள் என்று இந்த இதழ் வற்புறுத்துகிறது. மூன்று கூறுகளும் வெவ்வேறாக உள்ள நிறத்திடம் வரிசைப் பிழை தப்பவே முடியாது.

சோதனையைவிட அடிப்படையான பழக்கம் ஒன்று உண்டு. நிறத்தை மூன்று எண்களாகவே வைத்திருந்து, வரையும் கட்டளைக்கு ஒப்படைக்கும் கடைசிக் கணத்தில் மட்டும் ஒற்றை எண்ணாக்குவது. அதற்கான கருவி எம்ஐஆர்சியிலேயே இருக்கிறது. ஆர்ஜிபி செயற்கூறுக்கு மூன்று எண் கொடுத்தால் ஒன்றைத் தரும். ஒன்றைக் கொடுத்தால் காற்புள்ளியிட்ட மூன்றைத் தரும். கெட்டாட் செயற்கூறு ஒரு பிக்சலின் நிறத்தை ஒற்றை எண்ணாகத்தான் தரும்; கையில் வாங்கியதுமே அதைப் பிரித்துவிடுவது நல்லது. வரையும் கட்டளைகளில் ஆர் என்ற சுவிட்ச்சையும் மறக்கக் கூடாது. அது இருந்தால்தான் கொடுத்த எண் ஆர்ஜிபி மதிப்பு என்று நிரலுக்குப் புரியும்.

ஹெக்ஸுக்குத் திரும்பும்போது இன்னொரு பள்ளம். 0, 128, 255 என்ற நீலத்தை ஒவ்வொரு கூறாக மாற்றி ஒட்டினால் 080எஃப்எஃப் என்று ஐந்தே இடங்கள் வரும், முன்னிருக்க வேண்டிய சுழியம் ஒன்று விழுந்துவிடுகிறது. பேஸ் செயற்கூறின் நான்காவது இடத்தில் 2 என்று எழுதினால் தீர்ந்தது.

இதுவரை பேசியது ஒருவரின் சொந்தத் திரை. அடுத்தவருக்கு அனுப்பும்போது கதையே வேறு. யார்க்கோ ஓய்காரினன் 1988-இல் ஃபின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஐஆர்சி அரட்டை நெறிமுறையில் நிறம் என்ற ஒன்றே கிடையாது. 1993-இல் வெளியான அதன் விதி ஆவணமான ஆர்எஃப்சி 1459, ஒரு செய்தி வரி முடிவுக்குறி உட்பட 512 பைட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. நிறத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. கண்ட்ரோல்-கே அழுத்தி எண் கொடுக்கும் முறை, பிறகு கிளையண்ட்கள் தமக்குள் வளர்த்துக்கொண்ட வழக்கம். 0 முதல் 15 வரையான அந்த அடிப்படை எண்கள் ஒரு நிறப்பட்டியலின் வரிசை எண்கள் மட்டுமே. எம்ஐஆர்சியின் இயல்புப் பட்டியலில் 7 என்பது 252, 127, 0. ஆனால் பெறுபவர் தம் பட்டியலை மாற்றி வைத்திருந்தால் அவருடைய 7 ஊதாவாகக்கூட இருக்கலாம். அனுப்புபவர் ஆயிரம் கவனத்தோடு கணக்கிட்ட ஆர்ஜிபி மதிப்பு இந்தப் பயணத்தில் கூடவே போவதில்லை. ஆறு ஹெக்ஸ் இலக்கங்களை நேரடியாகச் சுமக்கும் வேறொரு கட்டுப்பாட்டுக் குறியும் பின்னாளில் வந்தது. ஆனால் எல்லாக் கிளையண்ட்டும் அதைப் படிப்பதில்லை.

வரிசை எண்ணை எப்போதும் இரண்டு இலக்கமாக எழுத வேண்டும். 4 என்ற நிறக்குறியை அடுத்து ‘5 விக்கெட்’ என்ற சொற்கள் வந்தால், பெறும் கிளையண்ட் அதை 45-ஆம் நிறம் என்று எடுத்துக்கொள்ளும். விக்கெட் கணக்கு காணாமல் போகும். 04 என்று எழுதியிருந்தால் அந்த ஐந்து பிழைத்திருக்கும்.

வாசிப்பவரின் கண்ணை ஸ்கிரிப்ட் எழுத்தாளர்கள் போதிய அளவு மதிப்பதில்லை என்பதே இந்த இதழின் வருத்தம். வலை அணுகல்தன்மை வழிகாட்டிகள் சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் குறைந்தபட்சமாகக் கேட்கின்றன. இயல்புப் பட்டியலின் 2-ஆம் நிறமான கருநீலத்தைக் கறுப்புப் பின்னணியில் வைத்தால் கிடைப்பது ஏறக்குறைய 1.3. வெள்ளையில் மஞ்சளுக்கு 1.07. நிக்நேமுக்கு நிக்நேம் தானாக நிறம் ஒதுக்கும் ஸ்கிரிப்ட் இவற்றைத் தாராளமாக வாரி வழங்குகிறது. யாருடைய பெயர் என்று படிக்க முடியாமல் எதிரே ஒருவர் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்று கூறுகளும் தனித்தனியே கையில் இருந்தால் இதைத் தடுப்பது எளிது. மனிதக் கண் பச்சையைத்தான் மிகுதியாக உணர்கிறது. நேரியல் ஒளி அளவாக மாற்றிய சிவப்பை 0.2126-ஆலும், பச்சையை 0.7152-ஆலும், நீலத்தை 0.0722-ஆலும் பெருக்கிக் கூட்டினால் பிரகாசம் வந்துவிடும். பின்னணியோடு ஒப்பிட்டுப் பார்த்து, மங்கும் நிறத்தை ஒதுக்கிவிடலாம்.

அந்த ‘நேரியல்’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாக நகரும் வண்ணப் பட்டையை எழுதும்போது, சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே நேர்ச் சராசரி எடுத்தால் 127, 127, 0 என்ற சேற்று நிறம் விழுகிறது. திரை எண்கள் ஒளியின் அளவோடு சமமாக ஏறுவதில்லை என்பதே காரணம். பாதி ஒளிக்கு உரிய எண் 127 அல்ல, 188. ஒளி அளவாக மாற்றிச் சராசரி எடுத்து மறுபடி திரை எண்ணாக்கினால் 188, 188, 0 என்ற தெளிந்த மஞ்சள் கிடைக்கும்.

தமிழில் அரட்டை அடிப்பவர்களுக்கு இந்த வண்ணப் பட்டை தனிச் சிக்கல் தருகிறது. எழுத்துக்கு ஒரு நிறம் என்று ஓடும் ஸ்கிரிப்ட், யூனிகோட் குறியெண்களை ஒவ்வொன்றாக வெட்டி இடையில் நிறக்குறியைச் செருகுகிறது. ‘வணக்கம்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து; கணினிக்கு ஏழு குறியெண். வெட்டு விழும்போது மெய்யிலிருந்து புள்ளி பிரிந்து, வெற்று வட்டத்தின் மேல் அநாதையாக நிற்கிறது. எழுத்துக் குறியெண் 3006 முதல் 3021 வரையோ 3031 ஆகவோ இருந்தால் அதை முந்தைய எழுத்தோடு சேர்த்தே வைக்க வேண்டும். இரண்டு வரி நிபந்தனை போதும். க்ஷ போன்ற கூட்டெழுத்துகளுக்குத் தனி விலக்கு எழுத வேண்டியிருக்கும்.

பைட் கணக்கும் இறுக்கமானது. யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட். நிறமில்லாத ‘வணக்கம்’ 21 பைட். ஐந்து எழுத்துக்கும் இரண்டிலக்க நிறக்குறி சேர்த்தால் 36. ஹெக்ஸ் குறி சேர்த்தால் 56. ஒரு செய்தி வரிக்கான அந்த 512 பைட்டுக்குள் கட்டளை, சேனல் பெயர், அனுப்புபவரின் முகவரி எல்லாம் அடங்கியாக வேண்டும். ஒரு பத்தி வாழ்த்துச் செய்தியை வானவில்லாக்கி அனுப்பினால் பாதியில் அறுந்துபோகும். வரியை உடைப்பதற்கு முன் ஸ்கிரிப்ட் எண்ண வேண்டியது பைட்டை.