இல்லம் அமைப்போம்: நான்கடி அகலக் குளியலறை

நம் ஊர்ப்புறங்களில் குளிப்பதற்கென்று தனியாக ஓர் அறை வேண்டும் எனப் பெரும்பாலோர் எண்ணியதில்லை. ஆறும் குளமும் கிணற்றடியும் இருக்க, நான்கு சுவர்களுக்குள் நின்று நீராடுவானேன்? பிழைப்பை நாடி மும்பைக்கு வந்த நம்மவரோ, வீடு பார்க்கும்போது கூடத்தின் நீளத்தையும் அடுக்களையின் அகலத்தையும் விசாரித்துவிட்டு, குளியலறைக் கதவைத் திறந்ததும் சற்றே திகைத்து நின்றுவிடுகிறார்கள். 'இதற்குள் எப்படி?' என்னும் கேள்விக்கு விடை காண்பதே இம்மாதக் கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நகரில் இடநெருக்கடி புதியதன்று. 1920-களில் வொர்லி, நாய்காவ் முதலிய பகுதிகளில் கட்டப்பெற்ற பி.டி.டி. சால்களில் ஒரு குடும்பத்தின் இருப்பிடம் ஏறத்தாழ 160 சதுர அடிதான். அத்தகைய சால்களில் அறையின் மூலையிலுள்ள 'மோரி' என்னும் சிறு தொட்டிக்கட்டே பாத்திரம் துலக்கவும், துணி அலசவும், நீராடவும் பயன்பட்டது. கழிப்பிடமோ நடைக் கோடியில், பலருக்கும் பொது. குடிசைப் பகுதி மறுவாழ்வுத் திட்டம் அளிக்கும் வீட்டின் பரப்பு முதலில் 225 சதுர அடியாக இருந்து, பின்னர் 269 ஆகி, அதன் பின் 300 ஆயிற்று. இவ்வளவு சிறிய வீட்டில் குளியலறைக்குக் கிடைக்கும் பங்கு எத்துணை என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

குளியலறையும் கழிப்பிடமும் ஒன்றாக அமையுமாயின் பரப்பு 2.8 சதுர மீட்டருக்கும், அகலம் 1.2 மீட்டருக்கும் குறையலாகாது என்பது 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறும் பொது அளவு. எளியோர்க்கான வீடுகளில் இதனினும் குறைந்த அளவு அனுமதிக்கப்படுவதுண்டு. நம் கணக்கில் இது நான்கடி அகலம், ஏழரை அடி நீளம். இதனையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதல் விதி, ஈரமான இடத்தையும் உலர்ந்த இடத்தையும் பிரிப்பது. கதவு ஒரு குறுகிய பக்கத்தில் இருக்குமானால், கதவை அடுத்த இரண்டடியில் கைகழுவும் சிறு பேசின். அடுத்த இரண்டரை அடியில் கழிப்புப் பீடம். எஞ்சிய மூன்றடி, அதாவது அறையின் கோடி, குளிக்குமிடம். பீடத்தின் நடுவிலிருந்து இருபுறமும் 15 அங்குலமேனும் இடம் விட்டால்தான் முழங்கை இடிக்காமல் அமர முடியும். நீண்ட சுவரை ஒட்டிப் பீடத்தை வைத்தால் முன்னே சுமார் 20 அங்குல வழி மிஞ்சும். கோடியிலுள்ள மூன்றடிக்கு நான்கடியில் ஒரு முக்காலியும் வாளியும் தாராளமாகக் கொள்ளும்.

தரையின் வாட்டம் அந்தக் கோடியை நோக்கியே இருத்தல் வேண்டும். அறுபதுக்கு ஒன்று என்னும் கணக்கில், ஏழரை அடி நீளத்திற்கு ஒன்றரை அங்குலச் சரிவு போதும். கொத்தனார் வாட்டத்தைக் கதவுப் பக்கம் திருப்பிவிட்டால் ஆயுள் முழுதும் ஈரத்தரையில் நடக்க வேண்டியதுதான். ஓடு பதிக்குமுன் தண்ணீர் புகாப் பூச்சைப் பூசி, தரையில் நீரைத் தேக்கி ஒரு நாளாவது விட்டுவைத்துக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்த்துவிடுவது நலம். அண்டை வீட்டாருடன் மனக்கசப்பு பெரும்பாலும் ஒரு சொட்டு நீரிலிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாவது, கதவு. சிற்றறையில் உட்புறமாகத் திறக்கும் கதவு இடத்தை விழுங்குவது மட்டுமன்று. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்துவிட்டால் அவர் உடலே கதவைத் தடுத்துவிடும். ஆகவே கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். அதற்கு வழியில்லையேல் நகரும் கதவு வைக்கலாம். தாழ்ப்பாளும் அவசரத்தில் வெளியிலிருந்து திறக்கத்தக்கதாய் இருத்தல் நன்று.

மூன்றாவது, சுவர். தரையில் இல்லாத இடம் சுவரில் இருக்கிறது. ஏழடிக்கு மேலுள்ள வெளியைப் பரணாக்கலாம். ஆனால் 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைப்பதானால் அதன் நீர் மட்டுமே 200 கிலோ எடை என்பதை நினைவிற்கொண்டு, தாங்கும் தளம் போட வேண்டும். ஒன்பது அங்குலச் சுவராயின் எண்ணெய்க் கிண்ணத்துக்கும் சோப்புக்கும் ஒரு மாடம் குடையலாம். நாலரை அங்குலச் சுவரில் அதை முயல வேண்டா. துண்டு போடும் கம்பிக்குப் பதிலாகச் செங்கற்சுவரில் ஆழப் பதித்த பிடிகம்பியை வைத்தால், துண்டையும் தாங்கும், தள்ளாத வயதினரின் கையையும் தாங்கும். வாடகை வீட்டினரும் உரிமையாளரின் சம்மதத்துடன் இதனை எளிதிற் செய்துகொள்ளலாம்.

நம்மவர்க்கே உரிய கவலை ஒன்றுண்டு. எண்ணெய்க் குளியலை நாம் விடுவதாயில்லை, விடவும் வேண்டா. ஆனால் எண்ணெய் பட்ட வழவழப்பான தரை முதியோர்க்குப் பகை. மினுமினுக்கும் பெரிய ஓடுகளை விட, சொரசொரப்பான சிறு ஓடுகளே காலுக்குப் பிடிமானம் தரும். சிகைக்காய்ச் சக்கையும் முடியும் எண்ணெயும் சேர்ந்து, இங்கே 'நஹானி ட்ராப்' என வழங்கும் வடிகாற் கிண்ணத்தை அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஜாலி மூடியை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். அந்தக் கிண்ணத்தில் தேங்கி நிற்கும் நீரே சாக்கடை நாற்றத்தையும் கரப்பான்பூச்சியையும் தடுக்கும் காவல். கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஊருக்குச் சென்றால் அந்நீர் வற்றிவிடும். புறப்படும் நாளில் அதில் நீர் நிரப்பி, மேலே சிறிது எண்ணெய் விட்டுச் சென்றால் நெடுநாள் வற்றாமலிருக்கும்.

இறுதியாக, உயிரைப் பற்றிய ஒரு செய்தி. மின்செலவைக் குறைக்கவென எரிவாயு கீசரைச் சிலர் குளியலறைக்குள்ளேயே மாட்டிவிடுகின்றனர். நாம் கண்ட அறையில் உள்ள காற்று ஏறத்தாழ ஆறு கன மீட்டர்தான். சன்னலையும் கதவையும் அடைத்துக்கொண்டு அதற்குள் அடுப்பெரித்தால் பிராணவாயு குறைந்து, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலை சுற்றுகிறதே என எண்ணுவதற்குள் நினைவு தப்பிவிடும். இவ்வாறு உயிர்கள் போயிருக்கின்றன. எரிவாயு கீசர் காற்றோட்டமுள்ள வெளியிடத்தில் மட்டுமே இருக்கட்டும். குழாய் வழியே வெந்நீர் உள்ளே வரட்டும். பால்கனி இல்லாத வீட்டில் மின்கீசரே தகும். அதற்கும் நிலக்கம்பி இணைப்பும், கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இன்றியமையாதவை. எந்த வீட்டிலும் சன்னலைச் சாமான்களால் அடைத்துவிடாதீர்கள்.

அழகான ஓடுகளையும் பளபளக்கும் குழாய்களையும் பிறகு தேர்ந்தெடுக்கலாம். ஊரிலிருந்து தாயாரோ மாமியாரோ வந்து தங்கும்போது, ஒருவர் துணையுமின்றி அச்சமின்றி நீராடி வெளிவர முடிகிறதா என்பதே குளியலறைக்கு உரிய சோதனை. அச்சோதனையில் தேறினால் நான்கடி அகலமும் போதும்.