முன் சக்கரத்துக்கு ஸ்பேசர்: லுக் உங்களுக்கு, ரிஸ்க் யாருக்கு?

சனி, ஞாயிறு காலையில் ரமணாசிரமம் வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். ரோட்டோரம் செருப்பில்லாமல் கிரிவலம் போகிற பாட்டிகள், காவி கட்டிய சாமியார்கள், இளநீர் வண்டி, குறுக்கே ஓடும் நாய். ரோட்டின் நடுவே பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, செங்கம் வழியாக வந்து இறங்கும் கார்கள். அதில் எப்போதாவது தரையோடு தரையாகப் படுத்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார். அதன் முன் சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும். ஓனரைக் கேட்டால், "ஸ்பேசர் பாஸ், செம லுக்!"

செம லுக்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் யாருடைய உயிரை அடமானம் வைத்து இந்த லுக்?

விஷயம் தெரியாதவர்களுக்கு: ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கிற உலோகத் தட்டு. 15 மி.மீ. தட்டு வைத்தால் ஒவ்வொரு சக்கரமும் 15 மி.மீ. வெளியே வரும், இரண்டு பக்கமும் சேர்த்து 30. வீலின் ஆஃப்செட் 45 என்று இருந்தால் அது 30 ஆகிவிடும். இவ்வளவுதான் சமாச்சாரம். இதை நியாயப்படுத்த மூன்று வாதங்கள் வழக்கமாக வரும்.

வாதம் 1: "போர்ஷே கம்பெனியே ஸ்பேசர் கொடுக்கிறானே!"

கொடுத்தான், உண்மை. சில மாடல்களுக்கு 5 மி.மீ. ஸ்பேசரை ஆப்ஷனாகவே விற்றது போர்ஷே. ஆனால் குறிப்பிட்ட மாடலுக்கு, குறிப்பிட்ட வீல் அளவுக்கு, அதற்கேற்ற நீள போல்ட்டோடு. டாக்டர் ஒருவருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார் என்பதற்காக, அதே கலர் மாத்திரையைப் பெட்டிக்கடையில் வாங்கி விழுங்குவீர்களா? "யுனிவர்சல் ஸ்பேசர், எல்லா காருக்கும் சேரும்" என்று விற்பது அந்த ரகம்தான்.

வாதம் 2: "ரேஸ் காரில் எல்லாரும் போடுகிறார்கள்."

இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ ஓடும் காரை ரேஸுக்கு முன் அதிகாரிகள் பரிசோதிக்கிறார்கள். மெக்கானிக் சக்கர போல்ட்டைத் திரும்பத் திரும்ப டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்கிறார். முக்கியமாக, அங்கே ஓரத்தில் யாரும் கிரிவலம் போவதில்லை.

வாதம் 3: "வெறும் 15 மி.மீ.ல என்னங்க ஆயிடப் போகுது?"

இங்கேதான் பிடிக்க வேண்டும். பின் சக்கரம் தள்ளுவதும் தாங்குவதும்தான் செய்கிறது. முன் சக்கரம் திரும்ப வேண்டும், பிரேக்கின் பெரும்பங்கையும் தாங்க வேண்டும். முன் சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சைத் தரை வரைக்கும் நீட்டினால் டயரின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் தொடும். இரண்டுக்கும் உள்ள தூரத்துக்கு ஸ்க்ரப் ரேடியஸ் என்று பெயர். ஒரு பக்க டயர் மணலிலும் மறுபக்கம் தாரிலும் இருக்கும்போது பிரேக் அடித்தாலும் ஸ்டியரிங் இழுக்காமல் இருக்கத்தான் இன்ஜினியர்கள் இதை மில்லிமீட்டர் கணக்கில் வைக்கிறார்கள். 1972ல் வந்த ஆடி 80 காரிலேயே இதை நெகட்டிவாக வைத்தார்கள். நீங்கள் 15 மி.மீ. தட்டு வைத்தால் அந்தக் கணக்கு அப்படியே 15 மி.மீ. தள்ளிப் போகிறது. செங்கம் ரோட்டில் ஓரத்து மண்ணில் ஒரு சக்கரம் இறங்கும்போது பிரேக் மிதித்துப் பாருங்கள், ஸ்டியரிங் பதில் சொல்லும். பேரிங்குக்குக் கூடும் பளு தனி.

சரி, நிஜமான காரணமே கிடையாதா? உண்டு. பெரிய பிரேக் கேலிப்பர் வீலில் இடிக்கிறது, டயர் உள்பக்கம் சஸ்பென்ஷனில் உரசுகிறது என்றால் இடைவெளி தேவை. அப்போதும் முதலில் சரியான ஆஃப்செட் உள்ள வீலைத் தேடுவதுதான் அழகு. முடியவில்லை, ஸ்பேசர்தான் என்றால்:

- தேவைப்படும் குறைந்த தடிமன் போதும். ஆனால் 3, 5 மி.மீ. தட்டு ஹப்பின் நடு வளையத்தை விழுங்கிவிட்டால் வீலை மையத்தில் பிடிக்க எதுவுமில்லை. மிஞ்சும் வளையத்தை அளந்து பாருங்கள். தடிமன் கூடினால் ஸ்பேசருக்கே சொந்த வளையம் வேண்டும். நடு ஓட்டை ஹப் அளவுக்குக் கச்சிதமாக உட்கார வேண்டும்.
- ஸ்பேசர் எத்தனை மி.மீ.யோ அத்தனை மி.மீ. நீளமான போல்ட். ஸ்டட் உள்ள காரென்றால் நீள ஸ்டட். போல்ட்டின் விட்டம் அளவுக்காவது மரை உள்ளே ஏற வேண்டும். பழைய போல்ட்டையே நாலு சுற்று சுற்றி முடுக்குவது தற்கொலை.
- ஹப்பில் துரு, பெயின்ட் இருக்கக் கூடாது. வீலைப் பிடித்து வைப்பது இரண்டு முகங்களும் அழுந்தி உண்டாகும் உராய்வுதான்.
- லேத் பட்டறையில் கிடைத்த அலுமினியத்தில் கடைந்தது வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டு வேண்டவே வேண்டாம்.
- 100 கி.மீ.க்குள் மறுபடி டார்க் ரெஞ்ச். பஞ்சர் கடைப் பையன் ஏறி மிதிப்பது டார்க் ஆகாது.

இதில் எத்தனையை அந்த "செம லுக்" ஓனர் செய்திருப்பார்? "நான் யார்?" என்று கேட்கச் சொன்னவரின் வாசலுக்கு வருகிறவர் "என் காரின் ஆஃப்செட் என்ன?" என்றாவது கேட்டிருக்க வேண்டாமா?

சட்டம்? ஆர்.சி. புத்தகத்தில் ஆஃப்செட்டே இல்லையே என்று மடக்குவார்கள். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவைப் படியுங்கள். அனுமதியில்லாமல் பாகம் மாட்டி வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நம் சட்டத்தின் குறையும் தெரிகிறது. ஜெர்மனியில் அந்தக் காருக்கென்று சோதித்த சான்றிதழோடு ஸ்பேசர் போடலாம். இங்கே நல்ல ஸ்பேசரையும் நாசகார ஸ்பேசரையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. அதனால் கடைக்காரரும் கவலைப்படுவதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

பி.காம். பையனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் இது எக்ஸ்டர்னாலிட்டி. லாபம் முழுக்க ஓனர் கணக்கில் வரவு. நஷ்டம் கணக்கிலேயே இல்லாத மூன்றாம் ஆள் தலையில் பற்று. 80 கி.மீ. வேகத்தில் கழன்று ஓடும் 20 கிலோ சக்கரம், 25 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது எட்டு மாடி மேலிருந்து, போடுகிற 20 கிலோ கல்லுக்குச் சமம். காருக்குள் இருப்பவருக்கு ஏர்பேக் உண்டு, இன்ஷூரன்ஸ் உண்டு (மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்திருந்தால் அந்த க்ளெய்மும் சந்தேகம்). ஓரத்தில் நடக்கும் பாட்டிக்கு என்ன உண்டு?

பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் போலீஸ் வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. மற்ற நாளிலும் அதே ரோட்டில்தான் ஜனம் நடக்கிறது. ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் வருவது எமலிங்கம். கும்பிடப் போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வரட்டுமே. அழகு வேண்டுமென்றால் காரைக் கழுவித் துடையுங்கள் சார், அதற்கு டார்க் ரெஞ்ச் தேவையில்லை :-)