டபுள் டூட்டி பார்த்தது குற்றமா, ஐயா?

மாநில அரசில் கல்வி உதவித்தொகைக்குப் பொறுப்பான உயர் அலுவலர் அவர்களுக்கு,



என் மகளின் உதவித்தொகை விஷயமாக மூன்று மனு கொடுத்துவிட்டேன். இரண்டு முறை திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுத்தேன். ஒரு முறை பதிவுத் தபாலில் அனுப்பினேன். முதல் இரண்டுக்கும் 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில். மூன்றாவதற்கு, 'விதிகளின்படி ஏற்க இயலாது' என்று ஒற்றை வரி. விதி உங்களுக்குத் தெரியும். எனக்கும் இப்போது மனப்பாடம். அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

2025இல் பிளஸ் டூ முடித்த என் மகள் 600க்கு 574 வாங்கினாள். கலந்தாய்வில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தது. கல்விக் கட்டணம், விடுதி, பஸ், புத்தகம் என்று முதல் வருஷத்துக்கு மட்டும் 1,42,000 ரூபாய்.

என் கணவர் பேருந்து ஓட்டுநர். பிடித்தம் எல்லாம் சேர்த்து மாதம் 36,000 சம்பளம்; வருஷத்துக்கு 4,32,000. பெண் நன்றாகப் படிக்கிறாள், எப்படியும் கல்லூரிக்குப் பணம் புரட்ட வேண்டும் என்று 2024 தீபாவளிக் கூட்டத்துக்கும் அடுத்து வந்த பொங்கல் கூட்டத்துக்கும் கேட்டு வாங்கி டபுள் டூட்டி பார்த்தார். இரவு முழுக்க ஓட்டிவிட்டு வந்து, கால் வீங்கி, திண்ணையிலேயே படுத்துத் தூங்கிய நாட்கள் அவை. தீபாவளியன்று வீட்டில் விளக்கேற்ற அவர் இல்லை. அப்படிச் சேர்ந்தது 30,000 ரூபாய்.

அந்த முப்பதாயிரம்தான் என் மகளுக்கு எதிராக வந்து நின்றது. மத்திய அரசின் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எங்களுடையது 4,62,000. பன்னிரண்டாயிரம் கூடுதல். கொடுக்கிற உதவித்தொகை எவ்வளவு தெரியுமா? இளநிலைப் படிப்புக்கு வருஷம் அதே பன்னிரண்டாயிரம். அப்பா உழைத்ததற்காக மகளிடமிருந்து பிடுங்கியது போல அச்சாகப் பொருந்துகிறது கணக்கு.

அது தில்லியின் திட்டம், நான் என்ன செய்ய முடியும் என்பீர்கள். சரி, உங்கள் திட்டங்களுக்கு வருவோம். பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கான உதவித்தொகைக்கு வரம்பு இரண்டரை லட்சம். மாதத்துக்கு 20,833 ரூபாய். அந்த வாசலை நாங்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. முதல் பட்டதாரி சலுகை? நான் கல்யாணத்துக்குப் பிறகு, இரண்டு பிள்ளைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, தபால் வழியில் பி.ஏ. முடித்தேன். அதனால் என் மகள் முதல் பட்டதாரி இல்லை. புதுமைப் பெண் திட்டம்? அரசு உதவி பெறும் பள்ளியில் ஆங்கில வழியில் படித்துவிட்டாள், அதனால் அதுவும் இல்லை. அம்மா படித்தது தப்பு, அப்பா கூடுதலாக வேலை பார்த்தது தப்பு. அவள் வாங்கிய 574 மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

வருமானச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் ஒருவர் உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார்: "நாலு நாப்பதுன்னு எழுதித் தரட்டுமாம்மா? யாரு பாக்கப் போறா?" என் கணவர் சம்பளச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "பொய் எழுதி வாங்குற காசுல என் பொண்ணு படிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். எங்கள் தெருவிலேயே மாடிவீடும் கடையும் வைத்திருப்பவர் கையில் 72,000 ரூபாய் வருமானச் சான்றிதழ் இருக்கிறது. அவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. எங்களுக்கு இருக்கிறது. உங்கள் வரம்பு யாரைப் பிடிக்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர்களைப் பிரிக்க 2017இல் மத்திய அரசு போட்ட கோடு 8 லட்சம். புதிய வருமான வரி முறையில் 12 லட்சம்வரை வரி இல்லை என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். வரி கட்ட முடியாதவர் என்று ஒரு மேசையில் ஒத்துக்கொள்ளும் குடும்பத்தை, உதவி தேவைப்படாதவர் என்று அடுத்த மேசையில் எப்படித் திருப்பி அனுப்புகிறீர்கள்? ஏழைப் பிள்ளைகளிடமிருந்து ஒரு ரூபாயைக்கூட எடுத்து எங்களுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. நான் அந்தப் பாவத்தைச் செய்யமாட்டேன். ஆனால் கோட்டுக்கு ஒரு ரூபாய் இந்தப் பக்கம் முழுத் தொகை, ஒரு ரூபாய் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை என்பதை மாற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையட்டும், பாதி கொடுங்கள், கால்வாசி கொடுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு அரசு கொடுத்தது என்று ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும். அதை எப்படிச் செய்வது என்பது உங்கள் வேலை. அதற்குத்தான் நீங்கள் அந்த நாற்காலியில் இருக்கிறீர்கள்.

கம்மலை அடகு வைத்து முதல் தவணை கட்டிவிட்டோம். சின்னவன் அடுத்த வருஷம் பிளஸ் டூ முடிக்கிறான். அவனும் நன்றாகப் படிக்கிறவன். அவனுக்கு வாங்கப் போகும் சான்றிதழில் இந்த வருஷத்துச் சம்பளம்தான் ஏறும். தீபாவளி வருகிறது. டிப்போவில் டபுள் டூட்டிக்குப் பெயர் கொடுக்கட்டுமா, வேண்டாமா என்று நேற்று ராத்திரி அவர் என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஓட்டுநரின் மனைவி